பிள்ளையின் ஊசிப்புண்: கெடுக்காமல் கவனிப்பது எப்படி

பிறந்த அன்றோ மறுநாளோ பிள்ளையின் இடது புஜத்தில் காசநோய்த் தடுப்பூசி போட்டிருப்பார்கள். பிரசவ அலுப்பில் அது உங்கள் நினைவிலேயே இருக்காது. ஒரு மாதம் ஆனதும் குளிப்பாட்டுகிறவர்தான் முதலில் பார்ப்பார். "ஏத்தா, பிள்ளை கையில என்ன கட்டி?" அடுத்த வாரம் கட்டியின் உச்சியில் மஞ்சளாகச் சீழ் திரளும். அதற்கடுத்த வாரம் உடையும். உடைந்த இடம் பொருக்குத் தட்டும், பொருக்கு விழும், மறுபடி ஈரமாகும். ராமேஸ்வரத்திலிருந்து தொண்டி வரை, இந்தப் பக்கம் சாயல்குடி வரை, எந்தக் கடலோர வீட்டிலும் இதைப் பார்த்ததும் நடப்பது ஒன்றுதான். ஆளுக்கொரு மருந்தோடு வருவார்கள்.

என் மூத்தவளுக்கு அப்படி வந்த மருந்தையெல்லாம் போட்டேன். புண் ஆற நாலரை மாதம் ஆனது. இளையவனுக்கு ஒன்றுமே போடவில்லை, பத்து வாரத்தில் காய்ந்து விழுந்தது. இரண்டு பிள்ளைகளை வைத்துக்கொண்டு வைத்தியம் பேசக்கூடாது என்பது தெரியும். ஆனால் சுகாதார நிலையத்தில் நர்ஸம்மா சொன்னதும், பிறகு குழந்தை மருத்துவர் சொன்னதும் இதைத்தான். முதல் பிள்ளைக்காரர்களுக்காக அதை வரிசையாக எழுதி வைக்கிறேன்.

இது என்ன புண்

பிசிஜி என்கிற காசநோய்த் தடுப்பூசியின் புண். பிரான்ஸில் கால்மெட், கெரான் என்ற இருவர், மாட்டுக்குக் காசநோய் உண்டாக்கும் கிருமியைப் பதின்மூன்று வருடம் திரும்பத் திரும்ப வளர்த்து அதன் பல்லைப் பிடுங்கினார்கள். 1921-ல் முதன்முதலாக ஒரு குழந்தைக்குக் கொடுத்தார்கள். நம் நாட்டில் இதைத் தயாரிக்க 1948-ல் சென்னை கிண்டியில் ஆய்வகம் தொடங்கினார்கள். குழந்தைகளைத் தாக்கும் கொடுமையான காசநோய்கள், அதிலும் மூளை உறையைத் தாக்குவது, உடம்பு முழுக்கப் பரவுவது, இவற்றிலிருந்து காப்பதுதான் இதன் முக்கியமான வேலை.

உள்ளே போவது உயிருள்ள கிருமி. பல் இல்லாதது, ஆனால் உயிர் உண்டு. பிறந்த குழந்தைக்கு 0.05 மில்லி, கிட்டத்தட்ட ஒரு சொட்டு. அதைச் சதைக்குள் போடாமல் தோலின் தடிமனுக்குள்ளேயே போடுவார்கள். அங்கே அது மெதுவாகப் பெருகும். உடம்பு அதைச் சுற்றி வளைத்து அடையாளம் கண்டுகொள்ளும். அந்த இடம் கட்டியாகி, உடைந்து, ஆறும். ஆக, புண் வருவது ஊசி தன் வேலையைச் செய்வதால்தான். போட்டவர் கை சரியில்லை என்று திட்டுவதற்கு முன்னால் இதை வீட்டில் ஒரு முறை சொல்லிவிடுங்கள்.

பெரியவர்கள் சிலர் தங்கள் கையைத் தூக்கிக் காட்டி, "எங்களுக்கும் அம்மை குத்தினாங்க, மஞ்சளும் வேப்பிலையும் அரைச்சு வச்சோம், ஆறிருச்சு" என்பார்கள். அது பெரியம்மைக்குக் குத்தியது. அந்த நோய் ஒழிந்ததும் அந்த ஊசியையும் நிறுத்திவிட்டார்கள். அது வேறு, இது வேறு.

முதல் வேலை: வாரத்தை எண்ணுங்கள்

இந்தப் புண்ணுக்கு நீங்கள் வாங்கவேண்டிய ஒரே பொருள் காலண்டர். அதுவும் வீட்டிலேயே தொங்கும். தடுப்பூசி அட்டையை எடுத்து பிசிஜி போட்ட தேதியைப் பாருங்கள். அந்தத் தேதியிலிருந்து வாரக் கணக்கு போடுங்கள். நம் ஊரில் தடுப்பூசி நாள் புதன்கிழமை என்பதால், புதனுக்குப் புதன் எண்ணுவது எனக்கு எளிதாக இருந்தது.

ஊசி போட்டவுடன் கொசு கடித்தது போல வெளிறிய ஒரு தடிப்பு எழும்பும். அரை மணி நேரத்துக்குள் அமுங்கிவிடும். அப்புறம் இரண்டு, மூன்று வாரம் அங்கே ஒன்றுமே இருக்காது. அதன் பிறகு சிவப்பாகச் சின்னக் கட்டி வரும், தொட்டால் கெட்டியாக இருக்கும். ஐந்து, ஆறு வாரத்தில் அது துவரம்பருப்பு அளவுக்கு, சிலருக்குக் கொஞ்சம் பெரிதாக, வளர்ந்து மெத்தென்று ஆகிச் சீழ் தெரியும். உடைந்து ஆழமில்லாத குழிப்புண் ஆகும். பொருக்குத் தட்டுவதும் விழுவதும் இரண்டு மூன்று முறை நடக்கலாம். ஆறு முதல் பன்னிரண்டு வாரத்துக்குள் பெரும்பாலான பிள்ளைகளுக்கு ஆறி, வட்டமாகச் சின்னத் தழும்பு நிற்கும்.

சில பிள்ளைகளுக்கு இன்னும் சில வாரம் இழுக்கும். புண் சின்னதாக, வாரா வாரம் சுருங்கிக்கொண்டு, சுற்றுத்தோல் சாதாரணமாக, பிள்ளை நன்றாகப் பால் குடித்து எடை ஏறிக்கொண்டு இருந்தால் அந்த இழுப்பைக் கண்டு பதறவேண்டாம். நாள் நீள்வதை மட்டும் பார்க்காமல், புண் எந்தப் பக்கம் போகிறது என்று பாருங்கள்.

அதைத் தெரிந்துகொள்ள வாரம் ஒரு படம் எடுங்கள். அதே சன்னல் ஓரம், அதே காலை வெளிச்சம், அதே தூரம். தினமும் பார்க்கிற கண்ணுக்கு வித்தியாசம் தெரியாது. மூன்று வாரப் படங்களை அடுத்தடுத்துத் தள்ளிப் பார்த்தால் சுருங்குகிறதா பரவுகிறதா என்று பட்டென்று தெரிந்துவிடும். இதில் இன்னொரு லாபமும் உண்டு. நம் பக்கத்தில் பிள்ளை பிறப்பது தாய் வீட்டில். மூன்றாம் மாதமோ ஐந்தாம் மாதமோ மாமியார் வீட்டுக்கு வருவோம். புண்ணின் ஆரம்பத்தைப் பார்த்தவர்கள் ஒரு வீட்டில், முடிவைப் பார்ப்பவர்கள் இன்னொரு வீட்டில். பத்தாவது வாரத்தில் புதிதாகப் பார்க்கிறவருக்கு அது நேற்று வந்த புண்ணாகத்தான் தோன்றும். படத்தைக் காட்டினால் பேச்சு அடங்கிவிடும்.

ஒரு விதிவிலக்கு: ஊசி போட்ட ஓரிரு நாளிலேயே, அல்லது முதல் வாரத்துக்குள், கட்டி வேகமாக எழும்பிப் புண்ணாகிவிட்டால் மருத்துவரிடம் சொல்லுங்கள். பிள்ளை ஏற்கெனவே காசநோய்க் கிருமியோடு பழகியிருந்தால் அப்படி நடக்கலாம். பிறந்து பல மாதம் கழித்து பிசிஜி போட்டுக்கொண்ட பிள்ளைகள் விஷயத்தில் இதை இன்னும் கவனிக்கவேண்டும். வீட்டில் யாராவது இரண்டு வாரத்துக்கு மேல் இருமிக்கொண்டிருந்தால் அவருக்குச் சளிப் பரிசோதனை செய்யவேண்டும். பிள்ளைக்கு ஊசி போட்டாயிற்றே என்று அதை விட்டுவிடக்கூடாது.

குளிப்பாட்டும்போது

தினமும் குளிப்பாட்டலாம். புண் இருக்கிறதென்று ஒரு வாரம் துணியால் துடைத்தே ஓட்டுவார்கள் சிலர், அவசியமில்லை. நம் வெயிலுக்கும் வேர்வைக்கும் பிள்ளையைக் குளிப்பாட்டாமல் வைத்தால் கழுத்திலும் கக்கத்திலும் வேர்க்குரு வந்து, அது வேறு தொல்லை.

ஆபத்து தண்ணீரில் இல்லை, கையில் இருக்கிறது. நம் ஊரில் குளிப்பாட்டும் முறை உங்களுக்குத் தெரியும். மணையில் உட்கார்ந்து காலை நீட்டி, பிள்ளையைக் கணுக்காலுக்கு மேல் படுக்கவைத்து, எண்ணெய் நீவி, பயத்தமாவு தேய்த்து, சுடச்சுடத் தண்ணீர் ஊற்றி, கடைசியில் இரண்டு புஜத்தையும் பிடித்து மாறி மாறி இழுத்துவிடுவார்கள். அந்தக் கடைசிப் பிடியில் பெரியவரின் வலது கட்டைவிரல் போய் உட்காரும் இடம் சரியாக அந்த ஊசிப்புண்தான். என் மூத்தவள் அந்த நேரத்தில் மட்டும் வீறிட்டு அழுவாள். தண்ணீர் சூடு என்று நினைத்துத் தண்ணீரை ஆற்றிக்கொண்டிருந்தேன். ஒரு நாள் பக்கத்தில் குனிந்து பார்த்தபோதுதான் விரல் எங்கே இருக்கிறது என்று தெரிந்தது.

எனவே குளிப்பாட்டுகிறவரிடம், "இந்தக் கையை மட்டும் முழங்கைக்குக் கீழ பிடிங்க பெரியம்மா" என்று முதல் நாளே சொல்லிவிடுங்கள். புண் இருக்கும் இடத்திலும் அதைச் சுற்றியும் எண்ணெய் நீவவேண்டாம். பயத்தமாவு, கடலைமாவு, அரைத்த மஞ்சள் எதுவும் அங்கே வேண்டாம். மாவின் குருணை புண்ணுக்குள் ஒட்டிக் காயும், பிறகு பொருக்கோடு பிய்யும். சாதாரணப் பிள்ளை சோப்பின் நுரை அதன் மேல் வழிந்து போனால் பரவாயில்லை, தேய்க்கக்கூடாது.

தண்ணீர் பற்றி ஒரு வார்த்தை. நம் கிணறுகள் பாதிக்கு மேல் உவர். குளிக்க உப்புத்தண்ணி, குடிக்க மட்டும் தள்ளுவண்டியில் குடம் குடமாகக் கொண்டுவந்த நல்ல தண்ணி என்பதுதான் பல வீடுகளில் நடைமுறை. உப்புத்தண்ணியில் குளிப்பாட்டினால் புண் கெட்டுவிடாது. ஆனால் காய்ந்ததும் தோல் வரவரவென்று இழுக்கும். கடைசியில் ஒரு செம்பு நல்ல தண்ணியை, காய்ச்சி ஆறியதாக இருந்தால் இன்னும் நல்லது, அந்தக் கையில் ஊற்றி முடித்துவிடுங்கள். கடல் தண்ணீர் புண்ணுக்கு நல்லது என்று கரைக்குக் கொண்டுபோய்க் கையை நனைக்கச் சொல்வார் யாராவது. வேண்டாம்.

குளித்ததும் சுத்தமான பழைய வேட்டித்துணியால் ஒற்றி எடுங்கள், துடைக்காதீர்கள். அந்தத் துணியை அதற்கென்றே வைத்துக்கொண்டு தினமும் துவைத்து வெயிலில் போடுங்கள். பிறகு சாம்பிராணிப் புகை காட்டும் வழக்கம் உண்டென்றால் எட்ட வைத்துக் காட்டுங்கள். பவுடரைப் பஞ்சால் தட்டும்போது தூள் பறந்து ஈரப்புண்ணில் அப்பிக்கொள்ளும். புண் உலரும்வரை பவுடரையே நிறுத்தி வைத்தோம் நாங்கள். பிள்ளை மணக்கவில்லை என்று வருத்தப்பட்டவர்கள் உண்டு.

திறந்து விடுங்கள்

இந்தப் புண்ணுக்குக் காற்றுதான் மருந்து. மேலே பிளாஸ்திரி ஒட்டக்கூடாது. காற்றுப் புகாமல் மூடினால் உள்ளே ஈரம் தங்கி ஊறும், ஆறவிடாது. வீட்டுக்குள் கையில்லாத பருத்திச் சட்டை போதும். வெளியே கொண்டுபோகும்போது, அதிலும் கச்சான் காற்று மணலை வாரி இறைக்கும் மாதங்களில், தொளதொளவென்ற அரைக்கைச் சட்டை போடுங்கள். நைலான், ஜரிகை, கை இறுக்கமான பட்டுப்பாவாடைச் சட்டை எல்லாம் ஒரு மணி நேர விசேஷத்துக்குக்கூட வேண்டாம்.

சீழ் வடிந்து சட்டையை நனைக்கிறது என்றால் கிருமி நீக்கிய உலர்ந்த காஸ் துணியை ஒரு மடிப்பாக மேலே வைத்து, அதன் இரண்டு ஓரத்தில் மட்டும் காகிதப் பிளாஸ்திரி ஒட்டுங்கள். பஞ்சை நேராக வைக்காதீர்கள், நார் ஒட்டும். வடிவது நின்றதும் துணியை எடுத்துவிடுங்கள்.

துணி ஒட்டிக்கொண்டால் என்ன செய்வது? இது எனக்கு நடந்தது. மூத்தவளுக்கு ஏழாவது வாரம். மருந்துக்கடையில் கேட்டு வாங்கிய பொடியைத் தூவியிருந்தேன். பொடி சீழோடு சேர்ந்து பசை மாதிரி இறுகி, சட்டையின் கைப்பகுதி அப்படியே ஒட்டிப்போனது. அவசரத்தில் இழுத்தேன். பொருக்கும் வந்தது, அடியில் இருந்த புதுத்தோலும் வந்தது, ரத்தமும் வந்தது. அன்றைக்குக் கெட்ட புண்தான் ஆற நாலரை மாதம் வரை இழுத்தது. செய்யவேண்டியது இவ்வளவுதான்: காய்ச்சி ஆறிய தண்ணீரில் துணியை நனைத்து ஒட்டிய இடத்தின் மேல் வைத்துப் பத்து நிமிடம் பொறுங்கள், தானாக விடும். விடாவிட்டால் இன்னும் பத்து நிமிடம்.

பொருக்கைப் பிய்க்கக்கூடாது. சீழைப் பிதுக்கவே கூடாது. சாதாரணக் கொப்புளம் என்றால் பிதுக்கினால் குறையும் என்று கைக்குப் பழக்கம். இதைப் பிதுக்கினால் உள்ளிருப்பது பக்கத்துச் சதைக்குள் இறங்கும். பிள்ளை தானே கீறிக்கொள்ளாமல் இருக்க இரண்டு பேர் நகமும் வெட்டியிருக்க வேண்டும்: பிள்ளையின் நகம், தூக்குகிறவர்களின் நகம்.

தொட்டிலையும் பாருங்கள். சேலைத் தொட்டிலில் துணி பிள்ளையை இருபுறமும் இறுக்கிப் பிடிக்கும். ஆட்ட ஆட்ட இடது புஜம் துணியில் உரசிக்கொண்டே இருக்கும். குறுக்கே ஒரு கட்டை கொடுத்து அகலப்படுத்தலாம், அல்லது புண் ஈரமாக இருக்கும் வாரங்களில் பாயிலேயே படுக்கவைக்கலாம்.

கயிறும் தாயத்தும் அப்படித்தான். தர்காவிலிருந்து ஓதிக் கொண்டுவந்ததோ, கோவிலில் மந்திரித்ததோ, இடது புஜத்தில் கட்டாமல் இடுப்பில் கட்டச் சொல்லுங்கள். யாரும் மறுக்கமாட்டார்கள். வசம்பு வளையல் மணிக்கட்டில் இருந்தாலும் கையை மடக்கும்போது மேலே போய் உரசுகிறதா என்று பாருங்கள்.

ஈயும் மீன்கையும்

இது நம் ஊருக்கே உரிய தலைவலி. கருவாட்டுக்களம் பக்கத்தில் வீடு என்றால் ஈயை விரட்டி மாளாது. பகலில் தூங்கும்போது குடை மாதிரி விரியும் கொசுவலையைப் போட்டுவிடுங்கள், சந்தையிலேயே கிடைக்கும். புண்ணின் மேல் ஈ மொய்க்கிறது என்பதற்காக அதன் மேல் எண்ணெயோ மருந்தோ தடவாதீர்கள். ஈயைத் தடுப்பது வலையின் வேலை.

மீன் ஆய்ந்த கை, கருவாடு புரட்டிய கை, பாசி எடுத்துவந்த கை, வலை பின்னிய கை: எதுவானாலும் சோப்புப் போட்டுக் கழுவிய பிறகுதான் பிள்ளையின் அந்தப் பக்கத்தைத் தொடவேண்டும். தொட்ட பிறகும் கழுவவேண்டும். வடியும் நீரில் ஊசிக்கிருமி இருக்கலாம் என்பதால் கழுவச் சொல்கிறார்கள். அதற்காக மூத்த பிள்ளையைப் பிரித்து வைக்கவோ, தனிப்பாய் போடவோ வேண்டியதில்லை. இந்தப் புண்ணால் வீட்டில் யாருக்கும் காசநோய் ஒட்டாது.

வேண்டாதவை

மஞ்சள், தேங்காய் எண்ணெய், விளக்கெண்ணெய், சுண்ணாம்பு, காப்பித்தூள், விபூதி, பற்பசை, தாய்ப்பால், டெட்டால், ஸ்பிரிட், ஊதா மருந்து, ஆன்டிபயாடிக் பொடி, களிம்பு. ஒவ்வொன்றுக்கும் காரணம் எழுதினால் பக்கம் போதாது. எல்லாவற்றுக்கும் பொதுவாக ஒன்று: அங்கே இருப்பது வெளியிலிருந்து வந்த சாதாரணச் சீழ்க்கிருமி அல்ல, எனவே இவை எதற்கும் அங்கே வேலை இல்லை. ஈரமும் அழுக்கும் எரிச்சலும் மட்டும் சேரும். வெந்நீர் ஒத்தடமும் ஐஸும்கூட வேண்டாம்.

மருந்து கொண்டுவருகிற பெரியவரிடம் சண்டை போடாதீர்கள். நான் போட்டுப் பார்த்தேன், பிரயோஜனமில்லை. இளையவன் முறை வந்தபோது அப்பத்தாவிடம் வேறு வேலை கொடுத்தேன்: "யார் வந்தாலும் அந்தக் கையைத் தொடவிடாமப் பாத்துக்கங்க." அவர் காவல் இருந்த வீட்டில் நான்கூட அந்தக் கையைப் பயந்து பயந்துதான் தூக்கினேன்.

45-ம் நாள் ஊசியும் காய்ச்சலும்

இங்கேதான் நிறையப் பேர் குழம்புகிறார்கள். கைப்புண் உடைகிற காலமும் ஒன்றரை மாத ஊசி போடுகிற காலமும் ஏறக்குறைய ஒன்றாக வரும். அன்றைக்குத் தொடையில் பென்டா என்கிற ஐந்து நோய்த் தடுப்பூசி, வாயில் சொட்டு மருந்துகள், வலது புஜத்தில் இன்னொரு சின்ன ஊசி என்று பலதும் போடுவார்கள். அன்று இரவு காய்ச்சல் வரலாம், தொடை தடிக்கலாம். வீட்டில் உடனே, "கையில சீழ் வச்சதுனாலதான் காய்ச்சல்" என்பார்கள். அப்படியில்லை, அநேகமாக அது தொடை ஊசியின் காய்ச்சல், ஓரிரு நாளில் போய்விடும். பாரசிட்டமால் சொட்டு எவ்வளவு என்பதைப் பிள்ளையின் எடையைப் பார்த்து நர்ஸம்மா சொல்வார், அந்த அளவோடு நிறுத்துங்கள்.

இதையே திருப்பியும் செய்வார்கள்: கைப்புண் ஆறட்டும் என்று ஒன்றரை மாத ஊசியைத் தள்ளிப்போடுவது. தள்ளவேண்டாம். ஊசிப்புண் இருப்பது அடுத்த ஊசிகளுக்குத் தடையில்லை. போன அன்றே புண்ணையும் காட்டிவிட்டு வரலாம்.

ஆனால் ஊசி எதுவும் போடாத நாளில் மூன்று மாதத்துக்கு உட்பட்ட பிள்ளைக்கு 100.4 டிகிரியோ அதற்கு மேலோ காய்ச்சல் என்றால், கைப்புண்ணைப் பற்றி யோசித்துக்கொண்டிருக்காமல் அன்றைக்கே மருத்துவமனைக்குப் போங்கள்.

கக்கத்தைத் தடவிப் பாருங்கள்

வாரம் ஒரு முறை, பிள்ளை பால் குடித்து அசந்திருக்கும்போது, இடது கையை மெல்லத் தூக்கிக் கக்கத்திலும் கழுத்தெலும்புக்கு மேலும் விரல் நுனியால் தடவிப் பாருங்கள். சில பிள்ளைகளுக்கு அங்கே நெறி கட்டும். கையில் போட்ட கிருமி வடிந்து சேரும் இடம் அதுதான். சின்னதாக, உருளையாக, வலியில்லாமல், விரலுக்கடியில் நழுவினால் மருந்து தேவைப்படாது. பெரும்பாலும் தானாக அமுங்கும், சில மாதம் ஆகும்.

ஒன்றரை சென்டிமீட்டரைத் தாண்டினால், அதாவது பெரிய புளியங்கொட்டையைவிடப் பெரிதானால், அல்லது மேல்தோல் சிவந்து மெதுமெதுவென்று ஆனால், காட்டவேண்டும். அப்படிச் சீழ் பிடித்த நெறியை மருத்துவர்கள் வழக்கமாக ஊசியால் உறிஞ்சி எடுப்பார்கள். கீறிவிட்டால் வாய் மூடாமல் ஒழுகிக்கொண்டே இருக்கக்கூடும் என்பதால் அதைத் தவிர்ப்பார்கள். ஆகவே "கட்டியைக் கீறிவிடுகிறேன்" என்று யாராவது சொன்னால், குழந்தை மருத்துவரிடம் ஒரு தடவை கேட்டுவிட்டு முடிவு செய்யுங்கள். பிளேடும் சூடும் வைத்திருக்கும் நாட்டு ஆட்களிடம் போகவே வேண்டாம்.

எப்போது கிளம்பவேண்டும்

புண்ணைச் சுற்றிச் சிவப்பு நாளுக்கு நாள் பரவி, தொட்டால் சுட்டு, நாற்றமடித்தால் மேலே வேறு கிருமி ஏறியிருக்கலாம். இதற்கு மருந்து உண்டு, தாமதிக்காதீர்கள். புண் ஒரு சென்டிமீட்டருக்கு மேல் அகலமாகிக்கொண்டே போனாலோ, ஆழமாகத் தோண்டியது போல் இருந்தாலோ, பன்னிரண்டு வாரம் தாண்டியும் சுருங்கும் அறிகுறியே இல்லாமல் வடிந்துகொண்டிருந்தாலோ காட்டுங்கள். ஊசி தோலுக்குள் நிற்காமல் கொஞ்சம் ஆழமாக இறங்கியிருந்தால் இப்படிப் பெரிய கட்டி வருவதுண்டு.

இன்னொரு வகை அபூர்வம், ஆனால் தெரிந்திருக்கவேண்டும். புண் ஆறாததோடு எடை ஏறவில்லை, வாயில் வெள்ளை மாவு போல் படிந்து மருந்து போட்டும் திரும்பத் திரும்ப வருகிறது, அடிக்கடி நிமோனியா, விடாத பேதி என்று சேர்ந்து வந்தால் பிள்ளையின் நோய் எதிர்ப்புச் சக்தியிலேயே பிறவிக்குறை இருக்கலாம். சொந்தத்தில் கல்யாணம் செய்தவர்கள், முந்தைய பிள்ளையோ நெருங்கிய உறவில் ஒரு பிள்ளையோ கைக்குழந்தையிலேயே காரணம் தெரியாமல் இறந்தவர்கள், அதை மருத்துவரிடம் மறைக்காமல் சொல்லுங்கள். கேட்காவிட்டாலும் சொல்லுங்கள். தாய்க்கு எச்ஐவி இருந்தாலும் அப்படியே.

எங்கே போவது? முதலில் உங்கள் ஆரம்ப சுகாதார நிலையம், அல்லது ஊருக்கு வரும் கிராம சுகாதார செவிலியர். இந்தப் புண்ணை அவர்கள் பார்த்த அளவுக்குத் தனியார் கிளினிக்கில்கூடப் பார்த்திருக்கமாட்டார்கள். குழந்தை மருத்துவர் பார்க்கவேண்டும் என்றால் ராமநாதபுரம் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை. தீவுப்பக்கத்தில் இருக்கிறவர்களுக்கு அது ஒரு நாள் வேலை, காலையிலேயே பஸ் ஏறிவிடுவது நல்லது. போகலாமா வேண்டாமா என்று சந்தேகம் என்றால் மருத்துவ ஆலோசனை எண்ணான 104-க்குப் போன் செய்து கேட்கலாம். பிள்ளை துவண்டு, பால் குடிக்காமல் கிடந்தால் 108.

அட்டை, போனில் இருக்கும் படங்கள், இதுவரை என்னென்ன தடவினீர்கள் என்ற பட்டியல், மூன்றும் வேண்டும். மூன்றாவதில்தான் எல்லாரும் பொய் சொல்வோம். நான் மருத்துவரிடம் "ஒன்றும் போடவில்லை" என்றேன். அவர் புண்ணின் ஓரத்தில் இருந்த மஞ்சள் கறையை விரலால் காட்டிவிட்டுப் பேசாமல் இருந்தார். பார்த்து முடித்து, "ஒன்றும் செய்யாதீங்க, பத்து நாள் கழிச்சு வாங்க" என்று மருத்துவர் அனுப்பினால் அலைந்தது வீண் என்று நினைக்காதீர்கள். இந்தப் புண்ணுக்கு அநேகமாக வைத்தியமே அதுதான்.

ஆறிய பிறகு

தழும்பு முதலில் சிவந்து, பிறகு ஊதாவாகி, பல மாதம் கழித்து வெளுக்கும். சிலருக்கு மேலெழும்பித் தடிக்கும், வீட்டில் காது குத்தின இடத்தில் தழும்பு தடிக்கிற ஆட்கள் இருந்தால் அதற்கு வாய்ப்பு கூடுதல். ஆறின தழும்பு பிறகு ஒரு நாள் திடீரென்று சிவந்து வீங்கி, கூடவே ஐந்து நாளாக விடாத கடுங்காய்ச்சல், கண் சிவப்பு, உதடு வெடிப்பு என்றால் உடனே காட்டுங்கள். கவாசாகி என்றொரு நோயில் அப்படி வரும்.

தழும்பே வராத பிள்ளைகளும் உண்டு. பள்ளியில் சேர்க்கும்போது யாராவது கையைத் திருப்பிப் பார்த்து, "ஊசி பிடிக்கலை போல, இன்னொரு தடவை போட்டுருங்க" என்பார்கள். தழும்பு இல்லை என்பதற்காக மறுபடி பிசிஜி போடுவதில்லை. தடுப்பூசி அட்டையில் தேதி எழுதியிருந்தால் போதும், அந்த அட்டையைப் பத்திரமாக வையுங்கள். கடல்காற்றில் காகிதம் நமத்துப்போகும், ஒரு பிளாஸ்டிக் உறையில் போட்டு அரிசிப்பானைக்கு மேலே உள்ள அலமாரியில் வைத்திருக்கிறேன் நான்.